சம்மாட்டியார் கொண்டுவந்த இறால்

கும்பகோணத்துக் காபி ஒரு வேளை தவறினாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். அப்பேர்ப்பட்டவனைப் பிடித்து, "முல்லைத்தீவுப் பக்கம் நெல் மில் ஒன்று வைக்கிறார்கள், மிஷினைப் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டு வா" என்று அனுப்பினார் எங்கள் பட்டறை முதலாளி. தனுஷ்கோடியிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்பதெல்லாம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். கப்பலில் நான் வாந்தி எடுத்தேன், பக்கத்தில் இருந்தவர் எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார் என்பதோடு அந்த வரலாற்றை முடித்துக்கொள்கிறேன்.

தண்ணீரூற்று என்ற ஊரில் மில். அதன் சொந்தக்காரர் ஹமீது முதலாளி. அந்த நாட்டில் கடை வைத்திருப்பவர், வியாபாரம் செய்பவர் எல்லோரும் முதலாளிதான். ஐம்பது வயதிருக்கும். கோடு போட்ட சாரம் என்னும் லுங்கி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டு, கக்கத்தில் குடை. மழை பெய்யும்போதும் அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்க்கவில்லை.

நான் வந்து சேர்ந்துவிட்டேன். மிஷின் வந்து சேரவில்லை. மார்கழி மழையில் லாரி மாங்குளத்துக்கு அப்பால் சேற்றில் புதைந்துவிட்டது. முதல் நாளே அவரோடு போய்ப் பார்த்தேன். பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை உள்ளே. டிரைவர் சிங்களவர், நீர்கொழும்புக்காரர். பாலை மரத்தடியில் குந்தியிருந்து பீடி பிடித்தபடி ஏதோ சொன்னார். முதலாளி சிரித்துவிட்டு எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்த ரோட்டைப் போட்டவன் கப்பலோட்டியாம். தண்ணியில போறதுக்கெண்டே போட்டிருக்கிறானாம்."

மழை விட்டு, மண் இறுகி, லாரி எழும்ப ஐந்து நாளாவது ஆகும் என்றார்கள். அதுவரை எனக்கு வேலை சாப்பிடுவது மட்டும்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் அரிசிமாப் புட்டு, மீன் குழம்பு, மஞ்சளாக ஒரு சொதி. சொதி என்றால் தேங்காய்ப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட சாறு. அதைப் புட்டின் மேல் விட்டுச் சாப்பிட்டால் பேச்சு நின்றுவிடும். காபிக்குத்தான் வழியில்லை. பாலில்லாத தேத்தண்ணீரைக் கையில் தந்து, பனங்கட்டித் துண்டு ஒன்றையும் தருவார்கள். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். மூன்றாம் தடவைக்குப் பிறகு நானே கேட்டு வாங்கினேன். தலைவலியும் வரவில்லை. கும்பகோணத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் முதலாளி குடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "மிஷின் தம்பி, சும்மா இருந்து என்ன செய்யப் போறீங்கள்? நாயாற்றுப் பக்கம் ஒருக்கா போயிட்டு வருவம். உங்கட மிஷினுக்குப் போடப்போற நெல்லு அங்கதான் தண்ணிக்குள்ள நிக்குது."

பஸ் ஏறினோம். அளம்பிலைத் தாண்டியதும் பஸ்ஸும் லாரியின் வழியைப் பின்பற்றியது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் இஞ்சினைப் பற்றித் தெரிந்தவன் என்ற மிதப்பில் சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்று தள்ளினேன். பஸ் கிளம்பியது. நான் தலையிலிருந்து கால் வரை சேறானேன். உள்ளே ஜன்னலோரம் இருந்த அம்மாள் ஒருத்தி, "ஐயோ பாவம், வெளியூர்ப் பிள்ளை போல கிடக்கு" என்றாள். பஸ் நிற்கவில்லை. நின்றால் திரும்பவும் புதைந்துவிடும் என்று டிரைவர் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டிவிட்டுப் போயே போய்விட்டார். தள்ளிய நாங்கள் பன்னிரண்டு பேரும் நடந்தோம். எங்கள் ஊராக இருந்தால் டிரைவரின் பாட்டன் பூட்டன் வரை இழுத்திருப்பார்கள். இவர்கள் "அவன் செய்ததுதான் சரி" என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். எனக்குத்தான் வாய் நமநமவென்றது.

வழியில் ஒரு மாட்டுவண்டி கிடைத்து, குமுழமுனைக்கு வந்து, முதலாளிக்குத் தெரிந்த செல்லம்மா என்பவள் வீட்டு வாசலில் இறங்கினோம். செல்லம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கணபதி வாயில்லாப் பூச்சி. இருவரும் பருத்தித்துறைப் பக்கத்துக்காரர்கள். அரசாங்கக் குடியேற்றத்தில் காணி கிடைத்து, காடு வெட்டி, வேர் பிடுங்கி வயலாக்கியவர்கள். முதல் இரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. இது மூன்றாவது. இந்த முறை மழை போதும் போதும் என்று கொட்டி, வயலையே குளமாக்கிவிட்டது.

வரப்பில் நின்று காட்டினாள். பயிரின் தலைப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். நெல்லைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். குனிந்து ஒரு தாளைப் பிதுக்கிப் பார்த்தேன். உள்ளே கதிர் கருக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் தொண்டைக்கதிர் என்போம். அவர்கள் குடலை என்கிறார்கள். பெயர் எதுவானாலும் அந்தப் பருவத்தில் பயிர் மூழ்கினால் வைக்கோல்கூட மிஞ்சாது.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கும் தம்பி" என்றாள் செல்லம்மா. "அதுக்குப் பிறகு அழுகிப் போடும். இதுவும் போனா நாங்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். அங்க அண்ணை வீட்டுக் கோடியில ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு கிடக்கலாம். காணியெண்டு ஒண்டும் இல்லை."

தண்ணீர் வடிய ஒரே வழிதான் உண்டு. நாயாறு என்பது கடலோரத்து ஏரி. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல் மேடு. மழைநீர் ஏரியில் நிறைந்து, போக இடமில்லாமல் வயலுக்குள் பின்வாங்கி ஏறுகிறது. மணல் மேட்டை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் ஒரே நாளில் கடலுக்குள் ஓடிவிடும். முகம் வெட்டுவது என்று அதற்குப் பெயர். ஆனால் ஏரித் தண்ணீரோடு ஏரி இறாலும் ஓடிவிடும். அதனால் வயல்காரர் வெட்டு என்பார்கள், கடல்காரர் வெட்டாதே என்பார்கள். இரண்டு பக்கமும் மண்வெட்டி போட்டால்தான் வெட்டலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அடிதடி.

அன்று பின்னேரமே முதலாளி எங்களை மீனவர் வாடிக்குக் கூட்டிப் போனார். வாடி என்பது கரையில் ஓலையால் வேய்ந்த கொட்டகைகள். அங்கே வலைகளுக்கும் ஆட்களுக்கும் தலைவர் சம்மாட்டி யோசேப்பு. நெஞ்சு முழுக்க நரைத்த முடி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. எங்களைக் கண்டதும் பாய் போடச் சொன்னார், தேத்தண்ணீர் சொன்னார், மழையைப் பற்றிப் பேசினார். விஷயத்துக்கு வந்ததும் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"இறால் இன்னும் சின்னன் பிள்ளை. இந்தச் சுண்டுவிரல் அளவும் வரேல்லை. ஒரு பத்து நாள் விடு. நத்தாருக்கு முன்னம் என்ர ஆக்களுக்கும் ஒரு நல்ல பாடு கிடைக்கட்டும். பிறகு நானே வந்து வெட்டித்தாறன்." நத்தார் என்றால் கிறிஸ்துமஸ், பாடு என்றால் வலையில் விழும் வரும்படி.

"பத்து நாளில அங்க என்ன கிடக்கும் சம்மாட்டியார், நீங்கள் வெட்டித்தர?" என்றாள் செல்லம்மா. குரல் உயரவில்லை. கணபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த சம்மாட்டியின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

முதலாளிதான் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "சரி. நாளைக்குக் கூழ் காய்ச்சுவம். குடிச்சிட்டுக் கதைப்பம்."

சம்மாட்டி உடனே "ஓம்" என்று ஒப்புக்கொண்டார். கூழ் என்று சொன்னால் மறுக்க முடியாதாம். அதற்கும் ஓர் எழுதாத சட்டம். நிலத்தில் விளைவதெல்லாம் வயல்காரர் கொண்டு வர வேண்டும், நீரில் கிடைப்பதெல்லாம் கடல்காரர் கொண்டு வர வேண்டும். கிடாரம் என்கிற பெரிய அண்டா அடுப்பில் ஏறினால் இறங்கும் வரை வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுந்து போகவும் கூடாது.

எங்கள் ஊரில் கூழ் என்றால் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ள வெங்காயம். இரண்டு பக்கமும் சேர்த்து எண்பது பேரின் சண்டையைத் தீர்க்க இது போதுமா என்று இரவு படுக்கையில் நான் நினைத்துக்கொண்டது உண்மை.

மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தது. மணல் மேட்டின் இந்தப் பக்கம், தாழைப் புதருக்கு அருகே மூன்று பெரிய கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். கிடாரம் முதலாளி ஊர்ப் பள்ளிவாசலுடையது. கந்தூரிக்குச் சோறு ஆக்குவதாம். வண்டியில் அதுவே ஒரு பயணி மாதிரி உட்கார்ந்து வந்தது. உள்ளே நான் கால் நீட்டிப் படுக்கலாம். விறகு ஈரம். அந்த இடத்தில் மட்டும் என் படிப்பு உதவியது. காற்று எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று பார்த்து ஒரு கல்லை நகர்த்தி வைத்தேன். புகை அடங்கித் தீ எழும்பியது. "மிஷின் தம்பிக்கு அடுப்பும் ஒரு மிஷின்தான்" என்றாள் செல்லம்மா. சமையலுக்கு அவள்தான் தலைவி.

கூழுக்கு உயிர் ஒடியல் மா. பனங்கிழங்கைக் கிழித்துக் காய வைத்து இடித்த மா. விடியும் முன்னரே அதைத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். தெளிந்த நீரை வடிப்பாள், புது நீர் விடுவாள், திரும்பவும் காத்திருப்பாள். இரண்டாம் தடவையிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளுடைய வயல் மூழ்கிக்கொண்டிருக்கிறது, இவள் மாவைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"போதாதாங்க?" என்றேன்.

"அவசரப்பட்டா கைக்கும் தம்பி" என்றாள். கைக்கும் என்றால் கசக்கும். மூன்றாம் தடவையும் வடித்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடி வைத்தாள்.

கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. முதலில் ஒரு பெட்டி சிவப்பரிசி. பிறகு பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய். வெந்து வரும்போது கடல்காரர் தங்கள் பங்கைக் கொண்டு வந்தார்கள். பாரை மீன் தலைகள், ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. துண்டு போட்ட திருக்கை. கால்களை இரண்டாக உடைத்த நண்டு. ஒவ்வொரு கூடையாக வர வர அவள் வரிசை பார்த்துப் போட்டாள். எது சீக்கிரம் வேகும், எது கரைந்து போகும் என்பதெல்லாம் அவள் கணக்கு. கணபதி ஒரு துடுப்பை வைத்துக் கிண்டினார். நிஜத் துடுப்பு, வள்ளத்திலிருந்து கழுவி எடுத்தது. வயல்காரர் ஒரு பக்கம், கடல்காரர் மறுபக்கம் குந்தியிருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் முதலாளியும் குடையும். எல்லோரும் பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்திக் கிண்ணம் செய்துகொண்டிருந்தார்கள். நானும் செய்தேன். என்னுடையது ஒழுகியது.

கடைசியாக இறால் வந்தது. சம்மாட்டியே ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து செல்லம்மா முன்னால் வைத்தார். "பிள்ளை, இண்டைக்கு விடியப் பிடிச்சது. உடம்பில கலகலண்டு உயிர் கிடக்கு பார்" என்று பெருமையோடு மேலே மூடியிருந்த ஓலையை எடுத்தார்.

ஒவ்வொரு இறாலும் என் உள்ளங்கையைத் தாண்டி விரல் நுனி வரை இருந்தது. மீசை வேறு ஒரு முழம். கும்பகோணத்தில் இறால் என்று விற்பதெல்லாம் இதற்குப் பேரப் பிள்ளைகள்.

நான்தான் முதலில் ரசித்தேன், பிறகுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோருக்கும் உறைத்திருந்தது. சுண்டுவிரல் அளவும் வரவில்லை என்று முந்தின நாள் சொன்ன மனிதர், அதே ஏரியில் பிடித்த இறாலைத் தன் கையாலேயே கொண்டு வந்து வைத்துவிட்டு நிற்கிறார். வயல்காரர் பக்கம் ஒருவர் இருமினார். கடல்காரர் பக்கம் எல்லோரும் மணலைக் கிளறினார்கள். சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

செல்லம்மா ஒரு இறாலை மீசையைப் பிடித்துத் தூக்கினாள். எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்தால் அந்த இடத்திலேயே மானத்தை வாங்கியிருப்பாள். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். கிடாரம் இன்னும் இறங்கவில்லை. தலையைக் கிள்ளினாள், ஓட்டை உரித்தாள், அடுத்ததை எடுத்தாள். கூடை முழுவதையும் அப்படியே உரித்து உள்ளே போட்டு முடித்தாள். வாய்க்குள் வந்த வார்த்தையை விழுங்குவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் லேசில் விழுங்குகிறவன் அல்ல.

அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளிக் கரைசல் எல்லாம் போயின. கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து மெல்ல ஊற்றினாள். கணபதி கட்டி விழாமல் கிண்டினார். குழம்பு தடித்து, செம்மண் நிறத்தில் "பொளக், பொளக்" என்று கொப்புளித்தது. முருங்கையிலையைத் தூவிவிட்டு, "இறக்குங்கோ" என்றாள். ஆறு பேர் பிடித்து இறக்கினார்கள்.

முதல் இலையை அவளே நிறைத்தாள். அகப்பையால் துழாவி, இருந்ததில் பெரிய இறாலை எடுத்து மேலே வைத்தாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நீட்டினாள்.

"சம்மாட்டியார், குடியுங்கோ."

வேறு ஒரு சொல் சொல்லவில்லை. கிடாரம் இறங்கிவிட்டது. இனி என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனாலும் பேசவில்லை.

அவர் இலையை வாங்கிக்கொண்டு அந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "சின்னனும் பிடிபட்டதுதான். சின்னனை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்திருக்கலாம். வந்த ஆக்களுக்கு அதைக் குடுக்க எனக்கு வெக்கமா இருந்தது."

முதலில் முதலாளிதான் சிரித்தார். அப்புறம் இரண்டு பக்கமும் சிரித்தது. சம்மாட்டியும் சிரித்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாயால் பொய் சொல்ல முடிந்த மனிதருக்கு, ஊருக்கு வைக்கும் பானையில் பொய்யைப் போட முடியவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

கூழைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாய் சுட்டது, இரண்டாவது உறைத்தது, மூன்றாவதில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். நண்டுக் காலைக் கடித்தால் அதற்குள்ளும் கூழ். பலாக்கொட்டை ஒரு பக்கம் மாவாய்க் கரைகிறது, திருக்கை ஒரு பக்கம் நாராய் உரிகிறது. பனையின் மணம் எல்லாவற்றுக்கும் அடியில் நிற்கிறது. ஒழுகிய இலையை நக்கிக்கொண்டே நான்கு தடவை வாங்கினேன். "இந்தியாக்காரர் உறைப்புத் தாங்க மாட்டார் எண்டு ஆர் சொன்னது?" என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு நாக்கு இல்லை.

சம்மாட்டி இலையை எறிந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மண்வெட்டி எங்க?" என்றார்.

எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். மணல் மேட்டில் வெறுங்காலோடு நடந்து, இரண்டு தடவை நின்று கடலைப் பார்த்து, மூன்றாம் இடத்தில் ஒரு தடியை நட்டார். அதிலிருந்து நேர்கோடாக எண்பது பேர் வெட்டினோம். அரை மணி நேரத்தில் என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. முதலில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்து ஓடியது. "இவ்வளவுதானா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் என் தோளைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். தண்ணீர் மணலைத் தானே தின்னத் தொடங்கிவிட்டது. கரை பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. கல்லணை மதகு திறப்பதைப் பார்த்தவன் நான். அதற்குக்கூட இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

தண்ணீரோடு இறாலும் போகத்தான் செய்தது. வெட்டிய முகத்தில் கடல்காரர் வலையை இழுத்துப் பிடித்தார்கள். ஆள் போதவில்லை. யாரும் கூப்பிடவில்லை, கணபதி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு முனையைப் பிடித்தார். பின்னால் மற்ற வயல்காரரும் இறங்கினார்கள். அந்த வாயில்லாப் பூச்சி, "இறுக்கிப் பிடியுங்கோடா, இது எங்களோட கூழ் குடிச்ச ஆக்களின்ர இறால்!" என்று கத்தியது கடல் இரைச்சலுக்கு மேலே கேட்டது. பாதியாவது வலையில் நின்றிருக்கும். மீதி கடலுக்குப் போனது.

நான்காம் நாள் காலை வரப்பில் நின்றோம். தண்ணீர் வடிந்து, பயிரின் இடுப்பில் சேற்றுக் கோடு மட்டும் இருந்தது. மேல் வயல் இரண்டும் நிமிர்ந்து நின்றன. தாழ்ந்திருந்த கீழ் வயல் நிமிரவில்லை. தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. செல்லம்மா அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். "இது போதும், இருக்கலாம்" என்றாள் கணவரிடம்.

அப்போதுதான் சம்மாட்டி வந்தார். அத்தனை தூரமும் தனியாக நடந்து வந்திருந்தார். அந்த வயலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். கீழ் வயலைக் காட்டி, "இது?" என்று கேட்டார்.

"அது போயிட்டுது" என்றார் கணபதி. "முந்தாநாள் வெட்டியிருந்தா நிண்டிருக்கும்." குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சம்மாட்டி சேற்றில் இறங்கினார். ஒரு தாளைப் பிடுங்கி, நகத்தால் கீறிப் பிரித்தார். உள்ளே கதிர் இருந்தது. பால் பிடிக்காமலே கூழாகியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பேசும்போது எங்களைப் பார்க்கவில்லை.

"பிள்ளை, இனித் தண்ணி ஏறினா என்னட்டைக் கேக்க வராதை. சொல்லியனுப்பு. நாங்கள் வெட்டிப்போட்டு உனக்குச் சொல்லுறம்."

மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் கணபதியும் முதலாளியும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். சம்மாட்டி வரப்பின் மறுபக்கம் சேற்றுக் காலோடு உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கும் வரை அவர் எழுந்து போகவில்லை.